மாப்பள, அது சின்னமலை வாள் இல்லீங்க

மாப்பள, நீங்க அனுப்புன படமெல்லாம் வந்து சேந்துதுங்க. பெங்களூர்ல கம்ப்யூட்டர் தட்டுற கை சாளை அட்டாலிக்குள்ள பூந்து ஒட்டடை தட்டியிருக்குதுன்னா, ஒண்ணு அங்க வேலை போயிருக்கோணும், இல்லாட்டி இங்க ஆசை வந்திருக்கோணும். எதா இருந்தாலும் சந்தோசம். ஆனா மொதப் படத்துக்கு அடியில எழுதியிருந்தீங்க பாருங்க, "மாமா, இது தீரன் சின்னமலை காலத்து வாளா?"ன்னு. அதைப் படிச்சுக் காட்டுனதும் உங்கத்தை குடிச்ச காப்பியை மூக்கு வழியா விட்டுட்டா.

சின்னமலையை 1805-ல சங்ககிரிக் கோட்டையில தூக்குல போட்டாங்க. அன்னையில இருந்து சங்ககிரிக்குச் சுத்துவட்டாரத்துல எவன் ஊட்டுப் பரண்ல நீளமா ஒரு இரும்பு கெடந்தாலும் அது அவரு வாள்தான். அத்தனையும் ஒண்ணு சேத்தா கும்பினிப் படைக்கே ஆளுக்கு ரெண்டு கொடுக்கலாம். அந்த வாளைத் திருப்பி முதுகுப் பக்கம் பாருங்க. அடி முதல் நுனி வரைக்கும் ஒரே சீரான கனம். லேசா ஒரு வளைவு. பிடிக்குப் பக்கத்துல ஒரு பழைய ஓட்டையை அடிச்சு மூடுன தடம். லாரிப் பட்டைங்க மாப்பள. நாமக்கல்லுல லாரிக்குப் பாடி கட்டுறாங்க, திருச்செங்கோட்டுல போர் வண்டி ஓட்டுறாங்க. பட்டை ஒடையாத நாளு உண்டா? ஒடைஞ்ச பட்டையைக் காய்ச்சி அடிச்சா அருவாளுக்கு அதை மிஞ்சுன எஃகு கெடையாது. உங்க தாத்தா அதை அடிச்சு வாங்குனது வெள்ளைக்காரனை வெட்ட இல்லீங்க, வேலிமுள்ளு வெட்ட. அதுக்காகத் தூக்கி வீசிப்போடாதீங்க. இன்னைக்குக் கடையில விக்கிற தகட்டுக்கு அது பத்து மடங்கு தேவலை. சாணை புடிச்சு வெச்சுக்கிட்டா உங்க பேரனும் முள்ளு வெட்டுவான், ஊருக்கு வந்தான்னா.

இன்னொரு சங்கதி. ஒவ்வொரு படத்துக்கும் கீழ "என்ன ரேட் போகும்?"னு கேட்டிருக்கறீங்க. ஒண்ணுக்காச்சும் "இதுக்குப் பேரு என்னுங்க?"ன்னு கேக்கலை. பேரு தெரியாத சாமானை விக்க வாரவனைத்தான் காயலான்கடைக்காரன் தெனமும் சாமிகிட்ட வேண்டிக்கறான். நாங்க சின்னப் பசங்களா இருக்கறப்ப, பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்னு கூவிக்கிட்டுத் தெருவுல வருவான். உங்கம்மா ஒரு நல்ல கொழுவைத் தூக்கிப் போட்டு, ஒரு கை பேரீச்சம்பழம் வாங்கித் தின்னவ. அந்த ரத்தந்தான் உங்களுக்கும் ஓடுது. என்ன, அவ பாவாடையில முடிஞ்சுக்கிட்டா, நீங்க போன்ல கேக்கறீங்க.

சரி, இரும்பைப் பார்க்கத் தெரிஞ்சுக்குங்க. கையில அடிச்ச சாமான்ல ரெண்டு ஓட்டை ஒரே அளவுல இருக்காது. சுத்தியல் பட்ட தடம் விரலுக்குத் தட்டுப்படும். திருகாணி இருந்தா அது பொறவு வந்தது. வளையமும் ஆப்பும் வெச்சு இறுக்கியிருந்தா அதுக்கு முந்துனது. வெல்டிங் வெச்ச தழும்பு இருந்தா ஊருக்குக் கரண்டு வந்ததுக்கு அப்புறம் கை பட்டிருக்குதுன்னு அர்த்தம். வார்ப்பிரும்பு அடி தாங்காது, வாய் பொளந்துக்கும். ஒடைஞ்ச எடம் பொடிப்பொடியாத் தெரியும். பழைய நாட்டு இரும்பு அப்படியில்லை. துரு தின்னாலும் நீளவாக்குல நார்நாராத்தான் உரியும்.

அந்த நாட்டு இரும்பு உங்க காட்டுல கெடைச்சா அதை மட்டும் எடைக்குப் போட்டுடாதீங்க, ஏன்னா அது நம்ம மலையோட சரக்கு. சேலத்துக்கு மேக்கால கஞ்சமலை இருக்குது பாருங்க, அது பூராவும் காந்தம் ஒட்டுற இரும்புக்கல்லு. அந்தப் பக்கம் ஏரோட்டுனா இன்னைக்கும் இரும்புக் கிட்டம் கட்டிகட்டியா மேல வரும். மண்ணுலைக்குள்ள கல்லும் கரியும் போட்டு, ஆட்டுத்தோல் துருத்தி ஊதி, இரும்பு எடுத்த ஆளுக இந்தச் சீமையில இருந்தாங்க. அதைப் பார்த்துப்போட்டுத்தான் கும்பினியில உத்தியோகம் பார்த்த ஹீத்துங்கிற துரை, சேலத்து இரும்புக்கல்லை நம்பி, 1830-ல பரங்கிப்பேட்டையில ஆலை வெச்சான். ஆலை தேறலை. அப்புறம் இங்கிலாந்து போயி, எஃகுல மாங்கனீசு சேக்கிற வித்தைக்கு 1839-ல காப்புரிமை வாங்குனான். செபீல்டு ஆளுக அந்த வித்தையைச் சுத்தி வளைச்சு எடுத்துக்கிட்டாங்க, இவன் கோர்ட்டு ஏறியே ஓஞ்சு போனான். பங்காளி வழக்கு நம்மூர்ல மட்டும்னு நெனைச்சுக்காதீங்க. இப்ப அதே கஞ்சமலை அடிவாரத்துல சேலம் உருக்காலை நிக்குது, எவர்சில்வர் தகடு ஓட்டுது. தலைக்கு மேல இருக்கிற மலைக்கல்லை உருக்கிச் செய்யறதில்லை. இதுல வேடிக்கை என்னன்னு உங்களுக்கு நான் சொல்லோணுமா?

மூணாவது படத்துல ஒரு இரும்புச் சட்டி. "கோயில் மணி தலைகீழா இருக்குதா மாமா?"ன்னு கேட்டிருந்தீங்க. அடியில ஓட்டை இருக்கறதுனால அடுக்குமாடி வாசல்ல பூச்செடி வைக்கலாம்னு உங்க ஊட்டு அம்மணிக்கு ரோசனை வேற. மாப்பள, அது கவலைச் சால். இந்தச் சமதரைக்காடு பூராவும் சோறு போட்ட சாமான் அது. ஆத்துப் பாசனம் இல்லாத எடத்துல கெணத்தை நம்பித்தான் ராகி, பருத்தி, மொளகா எல்லாம்.

எப்படி ஓட்டுனாங்கன்னு கேட்டுக்குங்க, ஏன்னா யூடியூப்ல போடறவன் பாதியை உட்டுப்போடுவான். கெணத்து மேட்டுல ரெண்டு கல்லுத்தூண், அதுக்கு நடுவுல உயரமா ஒரு உருளை, அதுக்கு அடியில கெணத்து விளிம்புல இன்னொரு சின்ன உருளை. சாலோட வாயில இருந்து வடம் மேல் உருளை வழியா நுகத்தடிக்குப் போகும். சாலுக்கு அடியில, நீங்க ஓட்டைன்னு சொன்ன எடத்துல, தோல்ல தச்ச தும்பி தொங்கும். அதோட நுனியில வால்கயிறு, அது கீழ் உருளை வழியா வரும். எருது சரிவா எறங்குற வாரியில முன்னால நடக்க நடக்க, சால் மேல வரும்; தும்பி அப்ப மடங்கி நிமுந்து நிக்கும், ஒரு சொட்டு சிந்தாது. சால் மேட்டுக்கு வந்ததும் வால்கயிறு தும்பியை வெளிய இழுத்துத் தொட்டிக்குள்ள சாய்ச்சுப்போடும், தண்ணி தானாக் கொட்டும். ஆளு எறங்கி ஓடி வந்து கவுக்க வேண்டியதே இல்லை. அவன் வடத்து மேல குந்திக்கிட்டுப் பாட்டுப் பாடிக்கிட்டே எறங்குவான், அவன் கனமும் எருதுக்கு ஒத்தாசை. அப்புறம் எருதைப் பின்னாலயே நடத்தி மேல ஏத்தோணும். எருது பின்னால நடக்கப் பழகுறதுதான் அதுல பெரிய படிப்பு. உங்க கம்பெனியில அப்படி ஒருத்தனைப் பழக்கிட முடியுமான்னு பாருங்க.

இப்ப வெலைக்கு வாரேன். சாலைத் தனியா வித்தா எடைக்கு எடை. அதோட உருளையும் நுகத்தடியும் காஞ்சு சுருண்டு போன தும்பியும் சேந்து கெடைச்சா, அது வேற சாமான். கட்டுத்தாரையில தேடுங்க, பொடக்காளியில தேடுங்க. உங்கப்பா உருளையை எடுத்து எங்கயாச்சும் கதவு சாத்தாம இருக்க முட்டுக் கொடுத்து வெச்சிருப்பாரு. தும்பி கெடைக்காது, எலி தின்னுருக்கும். கடைசிக் காலத்துல தோலுக்குப் பதிலா லாரி டியூப்பை வெட்டிக் கட்டுனவங்களும் உண்டு, அது கெடைச்சா அதையும் வெய்யுங்க. மேட்டூர்ல 1937-ல கரண்டு எடுக்க ஆரம்பிச்சாங்க. மோட்டாரு காடுகாடாப் போயிச் சேர இன்னும் ரெண்டு தலைமுறை ஆச்சு. அந்த டியூப்புத்தும்பி அதுக்கு நடுவுல இருந்த காலத்துக்குச் சாட்சி. இத்தனைக்கும் மேல, கெணத்தடிக்குப் போயி அந்தக் கல்லுல வடம் அறுத்த பள்ளத்தை ஒரு போட்டோ புடிங்க. எந்தக் கெணத்துச் சால்னு அது சொல்லும். பழைய சாமான் வாங்குறதுல வெவரமான ஆளு, சாமானுக்குக் கொடுக்கறதை விட அந்த மாதிரிச் சாட்சிக்குத்தான் எச்சாக் கொடுப்பான்.

கலப்பை ரெண்டு கெடக்குது. கருவேலமரத்துல செஞ்சது நாட்டுக்கலப்பை. கொழு குட்டையாத் தேஞ்சிருக்குதுன்னு வருத்தப்பட்டிருந்தீங்க. கொழு தேயாத கலப்பைதான் சந்தேகம், ஓட்டல் வாசல்ல வைக்கறதுக்குன்னே செஞ்சதா இருக்கும். இன்னொண்ணு இரும்புக்கலப்பை, மண்ணைப் பெரட்டிப் போடறது. கிர்லோஸ்கர்காரங்க 1903-ல இரும்புக்கலப்பை செஞ்சு வித்தப்ப, இரும்பு பட்டா மண்ணுக்கு வெசம்னு சொல்லி வாங்க ஆளில்லாமக் கெடந்துதாம். இப்ப வெசத்தை மூட்டையில வாங்கி நாமளே கொட்டுறோம், அது வேற கதை. இரும்புக்கலப்பையில வார்ப்பெழுத்து எங்கயாச்சும் இருக்கும், நம்பரும் இருக்கும். சாக்கட்டியைத் தேய்ச்சுப் படிங்க. அரம் போட்டுத் தேய்ச்சீங்கன்னா எழுத்தோட வெலையும் தேஞ்சு போகும். ஆயில் எஞ்சினுக்கும் இதேதான். டர்ஸ்லி லிஸ்டரோ நம்ம நாட்டுக் கிர்லோஸ்கரோ, அந்தப் பித்தளைத் தகடு இருந்தா எஞ்சின். தகட்டைப் பேத்து வித்துட்டா கனமான கல்லு.

பனையேறி அருவாள் ஒண்ணையும் இடுக்கியையும் ஒரு பெட்டியில பார்த்தேன். இதுக்கு நீங்க வெலையைத் தவிர ஒண்ணும் கேக்கலை, ஆனா நான் சொல்லுவேன். ராசாசி மொதமொதல்ல மதுவிலக்குக் கொண்டாந்தது நம்ம சேலம் சில்லாவுலதான், 1937 அக்டோபர் 1. அப்ப நாமக்கல்லும் இதுக்குள்ளதான், தருமபுரி, கிருட்டிணகிரியும் இதுக்குள்ளதான். அந்தப் பெட்டியில சுண்ணாம்பு ஒட்டியிருக்குதான்னு நகத்தால சொரண்டிப் பாருங்க. சுண்ணாம்பு இருந்தா பதனி எறக்கியிருக்காங்க, கருப்பட்டி காய்ச்சியிருக்காங்க, ஊருக்கே சொல்லலாம். சுண்ணாம்பு இல்லீன்னா பெட்டியை மூடி வெச்சுப்போட்டு, உங்கப்பா இல்லாதப்ப எனக்குப் போன் போடுங்க.

ராட்டை விசயத்துலயும் வாயை அடக்கோணும். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்துல புதுப்பாளையத்துல ராசாசி 1925-ல காந்தி ஆசிரமம் வெச்சாரு, அதனால நம்ம பக்கம் ராட்டை கெடைக்கறது அதிசயம் இல்லை. ஆனா நீங்க அனுப்புன ராட்டையில கதிர் ஒண்ணுக்கு நாலு இருக்குது. அது அம்பர் ராட்டை, ஏகாம்பரநாதன்ங்கிற நம்ம தமிழாளு உண்டாக்குனது, பரவுனது 1950-களுக்கு மேல. "எங்க தாத்தா உப்புச் சத்தியாக்கிரகத்துல நூத்த ராட்டை"ன்னு பேஸ்புக்குல போட்டிருக்கறீங்க. எடுத்துருங்க. உங்க தாத்தா 1930-ல நூத்திருந்தா ஒத்தைக் கதிர்லதான் நூத்திருக்கோணும். அவரு நூத்ததை நான் கண்ணுல பார்த்ததில்லை, சீட்டாடிப் பார்த்திருக்கேன்.

மருந்தடிக்கிற பித்தளைப் பம்பு இருக்குதே, அதை மட்டும் ஊட்டுக்குள்ள கொண்டு போகாதீங்க. பாலிடால் அடிச்சதா இருக்கும். உள்ளுக்குள்ள என்ன ஒட்டியிருக்குதோ, கொழந்தை கை படக்கூடாது. அழகா இருக்குதுன்னு ஹால்ல வைக்கிற சோலி வேண்டாம்.

செம்புச் சொம்பு ஒண்ணைப் பத்தி யாரோ உங்ககிட்ட வந்து பேசுனதா உங்கம்மா சொன்னா. பக்கத்துல அரிசி வெச்சா இழுக்குதா, இரிடியம் இருக்குதா, வெளிநாட்டுக் கம்பெனி கோடிக்கணக்குல வாங்குது, பரிசோதனைக்கு மட்டும் மொதல்ல நீங்க கொஞ்சம் பணம் கட்டோணும்னு சொன்னானாமா? மாப்பள, ஈமுக்கோழியில ஏமாந்த சனம் இந்தக் கொங்குச் சீமையில இன்னும் உசிரோட இருக்குது, ஆளுக்கொரு கதை சொல்லுவாங்க, போயிக் கேட்டுப் பாருங்க. அரிசியை இழுக்கிற சொம்பு எங்க ஊட்டுலயும் இருந்துச்சு. உள்ள அரிசி போட்டாப் போதும், மாமியாரும் மருமகளும் ஆளுக்கொரு பக்கம் இழுப்பாங்க.

சட்டமும் கொஞ்சம் தெரிஞ்சுக்குங்க. அட்டாலியில கெடக்கறது உங்களுது. ஏரோட்டறப்பவோ கெணறு வெட்டறப்பவோ மண்ணுக்குள்ள இருந்து வந்துச்சுன்னா அது வேற. 1878-ல வெள்ளைக்காரன் போட்ட புதையல் சட்டம் இன்னும் இருக்குது, பத்து ரூவாய்க்கு மேல பெறுமானம்னா கலெக்டருக்குச் சொல்லோணும். அன்னைக்குப் பத்து ரூவாய்னா ஒரு பவுனுக்குக் கிட்டக்க வர்ற சேதி. இன்னைக்கு ஒரு டீக்கே பத்தாது, ஆனாலும் சட்டம் அதேதான். நூறு வருசம் தாண்டுன தொல்பொருளை நாட்டை உட்டு வெளிய அனுப்பக்கூடாதுன்னு 1972-ல ஒரு சட்டம். அமெரிக்காவுல இருக்கிற சிநேகிதனுக்குப் பார்சல் போடற ரோசனையை அதோட உட்டுருங்க.

வாங்குறவன் யாருன்னும் பார்க்கோணும். காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவுக்குக் கொண்டு போனா பளபளப்பு, வேலைப்பாடு, பெரிய ஊட்டுச் சாமான் இதுக்குத்தான் மதிப்பு. நம்ம காட்டுச் சாமானை அங்க செட்டிநாட்டுத் தூணுக்குப் பக்கத்துல வெச்சா ஒரம்பரை ஊட்டுக்கு வேட்டி இல்லாமப் போனவனாட்டம் நிக்கும். சேலம் கோயமுத்தூர் ரோட்டு ஓட்டல்காரனுக்கு வண்டிச்சக்கரம் இருந்தாப் போதும், ஆரக்கால் ஒடைஞ்சிருந்தாலும் பெயிண்டு அடிச்சு மாட்டிப்போடுவான். சினிமாக்காரன் வாடகைக்குக் கேப்பான், திருப்பித் தர்றப்ப பாதி இருக்காது. கடப்பாரை, சம்மட்டி, உளி மூணையும் எவனுக்கும் கொடுக்காதீங்க. அந்தக் காலத்து எஃகு, புதுசு வாங்குனா வளைஞ்சு போகும்.

புளி போட்டுத் தேய்க்கறது, கிரைண்டர் வெச்சுச் சொரண்டறது, அலுமினியப் பெயிண்டு அடிக்கறது எல்லாம் வேண்டாம். மண்ணைத் தட்டி, மண்ணெண்ணெய்த் துணியில தொடைச்சு, தேங்காய் எண்ணெய் ஒரு கை. மரத்துக்கு வேப்பெண்ணெய். ஒவ்வொண்ணுக்கும் ஒரு அட்டை கட்டி, பேரு, எங்க கெடந்துச்சு, யாரு சொன்னது எல்லாம் எழுதுங்க. என்னைக் கேட்டு எழுதுனதுக்கு என் பேரைப் போட்டுப்போடோணும், பொறவு தகராறு வந்தா நான் இல்லைன்னு சொல்லிக்கறேன்.

அளவை சாமானுக்குக் கடைசியா வாரேன், அதுலதான் நெறைய இருக்குது. வீசைக்கல்லு ரெண்டு இருக்குது. நாப்பது பலம் ஒரு வீசை, எட்டு வீசை ஒரு மணங்கு. 1956-ல சட்டம் போட்டு, அறுவதுகள்ல கிலோவும் லிட்டரும் கட்டாயமானப்ப இதெல்லாம் சந்தையை உட்டு ஊட்டுக்கு வந்துச்சு. இரும்பு வள்ளம் ஒண்ணுதான் படத்துல இருக்குது. நாலு படி ஒரு வள்ளம். இன்னொண்ணு எங்கன்னு நல்லாத் தேடுங்க. உங்க தாத்தா மாதிரிப் பெரிய பண்ணையில வள்ளம் ஒண்ணோட நிக்காது. களத்துல அளந்து வாங்க ஒண்ணு, ஆளுக்குக் கூலி அளந்து கொடுக்க ஒண்ணு. ரெண்டும் கெடைச்சா ராகி போட்டு ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்கு மாத்திப் பாருங்க. மிச்சம் எவ்வளவு நிக்குதுன்னு பார்த்துப்போட்டு அம்மணிகிட்டச் சொல்லாதீங்க. சர்க்கார் முத்திரை குத்தியிருக்கறது எதுல, குத்தாதது எதுலன்னும் பாருங்க. ஜோடியா வெச்சுக்குங்க, விக்காதீங்க. உங்க குடும்ப வரலாறு புஸ்தகமா வந்தா அதுல இருக்காது, இதுல இருக்கும்.

பித்தளைப் படி ஒண்ணு தனியாப் படம் புடிச்சு அனுப்பியிருந்தீங்க. "மாமா, இதுல ஏதோ பழைய எழுத்து புள்ளிபுள்ளியா இருக்குது, வட்டெழுத்தா?"ன்னு. வட்டெழுத்தெல்லாம் இல்லீங்க. சீர் சாமானுக்குப் பாத்திரக்கடையில உளி வெச்சுப் பேரு வெட்டுவாங்க, அந்தப் புள்ளி. சாக்கட்டி தேய்ச்சா நல்லாத் தெரியும். நீங்க தேய்ச்சு அனுப்புன படத்தை நான் கண்ணாடி போட்டுப் பார்த்தேன், உங்கத்தையும் பார்த்தா. அதுல இருக்கறது உங்கப்பாவைப் பெத்த பாட்டி பேரு இல்லை, எங்காத்தா பேரு. கலியாணத்துக்கு எங்க பாட்டன் சீர் வெச்சது. ஒரு தீவாளிக்கு அரிசி அளக்கோணும்னு உங்க தாத்தா வாங்கிட்டுப் போனாரு, நாந்தான் கையில எடுத்துக் கொடுத்தேன். வார ஞாயித்துக்கெழமை வாரேன், காகிதத்துல சுத்தி வெய்யுங்க. அரிசி போட்டே கொடுத்தாலும் வேண்டாம்னு சொல்ல மாட்டேன்.